வாசிக்க ஓர் ஆள்: அன்றும் இன்றும்

1835-இல் ஜெர்மனியில் இசையமைப்பாளர் ராபர்ட் ஷூமன் ஒரு நீண்ட விமர்சனம் எழுதினார். பெர்லியோஸ் என்ற பிரெஞ்சு இசையமைப்பாளரின் பெரிய சிம்பொனி ஒன்றைப் பற்றிய கட்டுரை அது. இசை படிக்கும் மாணவர்கள் இன்றைக்கும் அதைத் தேடி வாசிக்கிறார்கள். வியப்பு என்னவென்றால், அந்த சிம்பொனியை ஓர் இசைக்குழு வாசித்து ஷூமன் கேட்டதே இல்லை. அவர் கையில் இருந்தது, முழுக் குழுவின் இசையையும் ஒரே பியானோவுக்கு அடக்கி எழுதிய பிரதி மட்டும்தான். அதை எழுதியவர் அப்போது இருபது வயதைச் சற்றே தாண்டியிருந்த ஃபிரான்ஸ் லிஸ்ட்.

ஒலியைப் பிடித்து வைக்க வழியில்லாத காலம் அது. எடிசனின் ஒலிப்பதிவுக் கருவி வர 1877 ஆக வேண்டியிருந்தது. அதுவரை ஓர் ஊரின் இசை இன்னோர் ஊருக்குப் போக வேண்டுமென்றால், யாராவது ஓர் ஆள் அதைத் தன் விரலிலோ தொண்டையிலோ சுமந்து போயாக வேண்டும். பாரிஸுக்கும் அதே விதிதான், மதுரைக்குக் கிழக்கே மேலூர் வட்டத்தில் இருக்கும் எங்கள் திருவாதவூருக்கும் அதே விதிதான்.

வாதவூர் பாட்டுக்குப் பேர்போன ஊர். கபிலர் பிறந்த ஊர் என்று சொல்வார்கள். மாணிக்கவாசகர் பிறந்த ஊர் என்பதால்தான் அவருக்கு வாதவூரர் என்றே பெயர். பாண்டியனிடம் அமைச்சராக இருந்து, குதிரை வாங்கப் போன இடத்தில் திருப்பெருந்துறையில் குருவைக் கண்டு, பதவியை உதறிவிட்டுப் பாடத் தொடங்கியவர். காலம் ஒன்பதாம் நூற்றாண்டு என்பது அறிஞர் பலர் ஏற்கும் கணக்கு. அவர் பாடிய திருவாசகம் ஓர் ஐரோப்பிய இசைக்குழுவின் வாசிப்போடு சேர்ந்து ஒலிக்க ஆயிரம் ஆண்டுக்கு மேல் ஆனது. அந்த நாள் வந்தபோது அது நடந்த நகரம் புடாபெஸ்ட். லிஸ்ட் தன் கடைசிக் காலத்தில் இசைக் கல்விக்கூடம் அமைத்த நகரம்.

வாதவூர், புடாபெஸ்ட் என்ற இந்த இரண்டு முனைகளுக்கும் இடையில் இசைக்கலைஞனின் வாழ்வு எப்படி மாறியது, கேட்பவரின் வாழ்வு எப்படி மாறியது என்பதை ஒரு முறை சேர்த்துப் பார்க்கலாம்.

உலக்கையும் ஊஞ்சலும்

திருவாசகத்தின் 51 பகுதிகளின் தலைப்புகளை மட்டும் வரிசையாகப் படித்தாலே ஒன்று விளங்கும். அம்மானை, பொற்சுண்ணம், கோத்தும்பி, தெள்ளேணம், சாழல், பூவல்லி, உந்தியார், தோணோக்கம், பொன்னூசல். இவையெல்லாம் பெண்கள் விளையாடியபடியும் வேலை செய்தபடியும் பாடிய பாட்டு வகைகள். காய்களை மேலே எறிந்து பிடிப்பதற்கு ஒரு மெட்டு, வண்டை அழைத்துப் பாட ஒரு மெட்டு, பூப்பறிக்க ஒன்று, ஊஞ்சலுக்கு ஒன்று.

பொற்சுண்ணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இறைவனின் திருமஞ்சனத்துக்கு வாசனைப் பொடி இடிக்கும் பெண்களின் பாட்டு அது. உரலைச் சுற்றி நின்று மாற்றி மாற்றி இடிக்கும்போது, ஒருத்தியின் உலக்கை இறங்கும் நேரத்தில் மற்றவளுடைய உலக்கை ஏற வேண்டும். தாளம் தப்பினால் உலக்கையோடு உலக்கை மோதும். அந்த வேலையே தாளத்தைப் பிடித்து வைத்தது. பாடுகிறவள் தாளம் போட வேண்டிய அவசியமே இல்லை. ஊர்ப் பெண்களின் வாயில் ஏற்கெனவே இருந்த மெட்டில் வாதவூரர் தன் சொல்லை ஏற்றினார். அதனால்தான் ஏடு இல்லாத வீட்டுக்குள்ளும் அவர் பாட்டு நுழைந்தது.

கோயிலில் அதைச் சுமந்தவர் ஓதுவார். கையில் ஒரு ஜோடித் தாளம், அவ்வளவுதான் கருவி. தேவாரத்துக்குப் பண் வகுத்திருக்கிறது. திருவாசகத்தைப் பெரும்பாலும் மோகன ராகத்தில் பாடுவது ஓதுவார் மரபு. மார்கழியில் திருவாதிரைக்கு முந்தைய நாட்களில் மாணிக்கவாசகர் திருவுருவத்தின் முன் திருவாசகத்துத் திருவெம்பாவையைப் பாடுவார்கள். ஆவணி மூலத்தில் பிட்டுக்கு மண் சுமந்த விழாவுக்கு வாதவூரர் இங்கிருந்து மதுரைக்குப் புறப்படுவார். சாமியோடு பாட்டும் நடந்தே போகும்.

பத்து விரலில் ஓர் இசைக்குழு

19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் பாட்டு பியானோவின் மேல் ஏறிப் பயணம் செய்தது. அந்தப் பயணத்தின் நாயகன் லிஸ்ட்.

1811 அக்டோபர் 22-இல், அன்றைய ஹங்கேரி நாட்டில் டோபோர்யான் என்ற கிராமத்தில் பிறந்தார். அப்பா எஸ்டெர்ஹாசி பிரபுக் குடும்பத்தின் பண்ணையில் கணக்கு வழக்கு பார்த்தவர், இசை தெரிந்தவர், மகனுக்கு முதல் ஆசிரியர். ஊர்ப் பிரபுக்கள் சிலர் உதவித்தொகை கொடுக்க, பையன் வியன்னாவுக்குப் போய் பியானோ ஆசிரியர் செர்னியிடம் படித்தான். 1823-இல் பாரிஸ் இசைக் கல்லூரியின் வாசலில் நின்றபோது, வெளிநாட்டுப் பிள்ளை என்று சொல்லிச் சேர்க்க மறுத்துவிட்டார்கள். பதினைந்து வயதில் தந்தையை இழந்து, வீடு வீடாகப் பியானோ சொல்லிக்கொடுத்துப் பிழைத்தார். 1832-இல் பாகனினியின் வயலினைக் கேட்டார். வயலினில் அவர் செய்ததைப் பியானோவில் தான் செய்வேன் என்று வெறிபிடித்தாற்போல் சாதகம் செய்தார்.

1839 முதல் 1847 வரை அவர் வண்டியிலேயே வாழ்ந்தார் என்று சொல்லலாம். லிஸ்பன் முதல் மாஸ்கோ வரை, இஸ்தான்புல் சுல்தான் அரண்மனை உட்பட, ஆயிரத்துக்கும் மேற்பட்ட கச்சேரிகள் என்று அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். அதற்கு முன் ஒரு கச்சேரி என்றால் பாடகர், வயலின்காரர் என்று பலர் வந்து போவார்கள். ஒரே ஆள் ஒரே பியானோவோடு மாலை முழுவதையும் நடத்தலாம் என்று காட்டியவர் லிஸ்ட். கேட்பவர்கள் மயங்கி விழுந்தார்கள், அவர் கையுறைக்கு அடித்துக்கொண்டார்கள் என்றெல்லாம் அன்றைய எழுத்துகள் சொல்கின்றன. இந்தப் பித்துக்குக் கவிஞர் ஹைனே 1844-இல் ஒரு பெயரே வைத்தார்.

ஆரவாரத்தை ஒதுக்கிவிட்டு அவர் செய்த அமைதியான வேலை ஒன்றைப் பார்க்க வேண்டும். பெத்தோவனின் ஒன்பது சிம்பொனிகளையும் ஒரு பியானோவுக்கு எழுதினார். 1830-களில் தொடங்கி, முழுத் தொகுதியும் அச்சாக 1865 ஆனது. அந்தப் பக்கங்களைப் பார்த்தால் உழைப்பு கண்ணுக்குத் தெரியும். இடக்கையின் ஓரத்தில் செல்லோவும் டபுள் பாஸும், வலக்கைச் சுண்டுவிரலில் மேல் மெட்டு, நடுவில் மிச்சமிருக்கும் விரல்களில் கொம்பும் குழலும். முரசு உருளும் இடத்தில் இடக்கை இரண்டு கட்டைகளை மாற்றி மாற்றி அதிரவைக்கும். எந்த இடத்தில் எந்தக் கருவி பேசுகிறது என்பதைச் சுரக்கோடுகளின் மேலேயே எழுதியும் வைத்தார், வாசிப்பவன் மனத்தில் அந்தக் கருவியின் குரல் ஒலிக்க வேண்டும் என்பதற்காக. ஒன்பதாம் சிம்பொனியின் இறுதியில் பாடகர் கூட்டமும் சேர்ந்துவிடுவதால் அதை எழுதத் தயங்கினார். பதிப்பகத்தார் விடாமல் கேட்டதால் முடித்துக் கொடுத்தார். இசைக்குழு என்பதையே காணாத சிற்றூர்களில் பெத்தோவன் போய்ச் சேர்ந்தது இப்படிப்பட்ட பிரதிகளால்தான்.

1847-இல், புகழின் உச்சியில், 35 வயதில் காசுக்குக் கச்சேரி செய்வதை நிறுத்தினார். வைமார் நகரில் தங்கி இசையமைத்தார். மற்றவர்களின் படைப்புகளை மேடையேற்றினார். 1865-இல் ரோமில் கத்தோலிக்கத் திருச்சபையின் சிறு பட்டங்களைப் பெற்றுத் துறவுடை அணிந்தார். புனித எலிசபெத், கிறிஸ்து ஆகியோரைப் பற்றி, பாடகர் கூட்டமும் இசைக்குழுவும் சேர்ந்த ஒரடோரியோக்கள் எழுதினார். 1875-இல் புடாபெஸ்ட் இசைக் கல்விக்கூடத்தின் முதல் தலைவரானார். கடைசிக் காலத்தில் தன்னிடம் வந்த மாணவர்களுக்குக் காசு வாங்காமல் சொல்லிக்கொடுத்தார். 1886-இல் பைரோய்ட் நகரில் காலமானார்.

நம் பக்கம் வந்த கட்டைகள்

அப்படியொரு பியானோக் கலைஞர் அன்று தமிழ்நாட்டில் ஏன் எழவில்லை? திறமைக் குறைவு காரணம் இல்லை. லிஸ்டைவிட ஒரு வயது மூத்தவரான தஞ்சை வடிவேலு வயலினை வசப்படுத்தி, சுவாதித் திருநாள் மன்னரிடம் 1834-இல் தந்தத்தாலான வயலின் பரிசு பெற்றவர். வயலின் நம்மோடு ஒட்டிக்கொண்டதற்குக் காரணம், விரலை நழுவவிட்டு, சுரத்தை அசைத்து வளைக்கும் கமகத்தைப் பிடிக்கலாம் என்பதுதான். பியானோவில் ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் நடுவே ஒன்றுமில்லை. தோடி ராகத்தை அதில் எங்கே தேடுவது? போதாக்குறைக்கு விலை, எடை, நம் வெயிலில் சுருதி நிற்காத தொல்லை.

ஆனால் பியானோவின் கறுப்பு வெள்ளைக் கட்டைகள் வேறொரு பெட்டியில் ஏறி மதுரைச் சீமைக்கு வந்தன. ஆர்மோனியம். கையால் துருத்தி போடும் சிறிய பெட்டி. தலையில் வைத்துத் தூக்கிப் போகலாம். சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் பாலர் நாடக சபை தொடங்கிய காலத்தில் அது மேடையின் உயிர். இரவெல்லாம் நடக்கும் ஊர் மேடை நாடகமான ஸ்பெஷல் நாடகத்தில் ஆர்மோனியக்காரரைப் பின்பாட்டு என்பார்கள். சுருதி கொடுப்பார், கூடப் பாடுவார், நடிகர் மூச்சு வாங்கும்போது பாட்டைத் தூக்கி நிறுத்துவார், விடிய விடியக் கண் அசர மாட்டார். சுருதிக்கு ஒன்றரைக் கட்டை, ஐந்தரைக் கட்டை என்று நாம் சொல்லும் கணக்கே இந்தப் பெட்டியின் கட்டைகளை எண்ணி வந்ததுதான்.

படித்தவர் உலகம் அதை மதிக்கவில்லை. கமகம் பேசாத பெட்டி என்று 1940 முதல் 1971 வரை அகில இந்திய வானொலி ஆர்மோனியத்துக்கு இடம் கொடுக்கவில்லை. கிராமத்து மேடைகளோ அதைக் கைவிடவில்லை. அந்தப் பிடிவாதத்துக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். வானொலி கதவடைத்திருந்த அதே ஆண்டுகளில்தான் பண்ணைப்புரத்துப் பையன் ஒருவன் அந்தப் பெட்டியின் முன் உட்கார்ந்தான்.

பண்ணைப்புரத்திலிருந்து

இளையராஜா 1943-இல், அன்றைய மதுரை மாவட்டத்தில் இருந்த பண்ணைப்புரத்தில் பிறந்தவர். இன்று அது தேனி மாவட்டம். அண்ணன் பாவலர் வரதராசன் பொதுவுடைமைக் கட்சி மேடைகளில் பாட்டுக் கட்டிப் பாடியவர். சிறு வயதிலேயே அண்ணனின் குழுவில் சேர்ந்து, ஆர்மோனியம் வாசித்தபடி ஊர் ஊராகப் போனார். லிஸ்ட் ஐரோப்பாவைச் சுற்றியதுபோல இவர் சுற்றியது திருவிழாத் திடல்களையும் கட்சி மேடைகளையும். கூட்டம் எந்த மெட்டுக்குத் தலையாட்டுகிறது, எந்த இடத்தில் எழுந்து போகிறது என்பதை எந்தக் கல்லூரியும் அவருக்குச் சொல்லித்தந்திருக்க முடியாது.

1968-இல் சகோதரர்களோடு சென்னைக்கு வந்தார். மயிலாப்பூரில் தன்ராஜ் மாஸ்டரிடம் போய்ச் சேர்ந்தார். மேற்கத்திய இசையை ஒரு தலைமுறைக்கே கற்பித்தவர் மாஸ்டர், ஏ.ஆர். ரகுமானும் அவரிடம் படித்தவர்தான். பியானோ, கிட்டார், சுரம் எழுதும் முறை, பாக், பெத்தோவன் எல்லாம் அங்கே. லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிட்டார் தேர்வில் தங்கப் பதக்கம் பெற்றார். ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராக வேலை பார்த்தார். 1976-இல் ‘அன்னக்கிளி’ வந்தது. பிறகு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள். தியாகராஜரையும் பாக்கையும் ஒரே தட்டில் வைத்து 1986-இல் அவர் வெளியிட்ட ‘ஹௌ டு நேம் இட்’ இன்றும் கேட்கப்படுகிறது.

இங்கே ஒரு பெரிய மாற்றம் தெரிகிறது. லிஸ்ட் எழுபது எண்பது பேர் வாசிப்பதைச் சுருக்கிப் பத்து விரலுக்குள் கொண்டுவந்தார், சிற்றூர் கேட்க வேண்டும் என்று. இளையராஜா சிற்றூரின் ஒற்றைக் குரலை எடுத்து எழுபது எண்பது பேர் வாசிக்கும்படி விரித்து எழுதினார், உலகம் கேட்க வேண்டும் என்று. ஒலிப்பதிவு வந்த பிறகுதான் இந்த இரண்டாம் பயணம் கைகூடியது.

புடாபெஸ்டில் வாதவூரர்

இளையராஜாவின் திருவாசகம் இசைத்தொகுப்பு 2005-இல் வெளியானது. தமிழ் மையம் முன்னின்று செய்த முயற்சி. வாசித்தது புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழு. நடுவே வரும் ஆங்கில வரிகளை அமெரிக்கப் பாடலாசிரியர் ஸ்டீபன் ஷ்வார்ட்ஸ் எழுதினார். லிஸ்ட் விரும்பி எழுதிய அதே ஒரடோரியோ வடிவம்தான். யாத்திரைப் பத்து, சிவபுராணம், கோத்தும்பி, பிடித்த பத்து, பொற்சுண்ணம், அச்சப் பத்து ஆகிய ஆறிலிருந்து பாடல்களை எடுத்துக்கொண்டார் ராஜா. ஆறில் இரண்டு, பெண்களின் விளையாட்டுப் பாட்டும் வேலைப் பாட்டும் என்பதைக் கவனியுங்கள். உலக்கை மாற்றி மாற்றி இறங்கிய தாளத்தை ஆயிரம் ஆண்டு கழித்து ஹங்கேரி நாட்டு வயலின்காரர்கள் வில் மாற்றி மாற்றி வாசித்தார்கள்.

திருவாசகம் அயலாருக்கு அறிமுகமானது அதுதான் முதல் முறை என்று சொல்ல முடியாது. லிஸ்ட் தன் பெரும் பயணத்தைத் தொடங்கிய அதே 1839-இல் இளைஞராகத் தமிழ்நாட்டுக்கு வந்த ஜி.யு. போப், எண்பது வயதில் 1900-இல் ஆக்ஸ்போர்டில் தன் ஆங்கில மொழிபெயர்ப்பை அச்சிட்டார். போப் பொருளைக் கொண்டுபோனார். இசையைக் கொண்டுபோக இன்னும் நூறாண்டும், ஆர்மோனியத்தில் தொடங்கிய ஒரு மதுரைச் சீமைக் கலைஞரும் தேவைப்பட்டார்கள். 2025 மார்ச் 8 அன்று லண்டனில் இளையராஜாவின் ‘வேலியண்ட்’ சிம்பொனி அரங்கேறியது. பாரிஸ் கல்லூரி வாசலில் வெளிநாட்டான் என்று திருப்பி அனுப்பப்பட்ட பையனின் கதையை அறிந்தவர்களுக்கு, லண்டன் மேடையில் பண்ணைப்புரத்துக்காரர் நின்றதன் அருமை கூடுதலாகப் புரியும்.

இன்று எங்கள் தெருவில்

இன்று பியானோவுக்கு வண்டி வேண்டாம். 2005-இல் பிறந்த சென்னைப் பிள்ளை லிடியன் நாதஸ்வரம் 2019-இல் அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டியில் பியானோ வாசித்துப் பத்து லட்சம் டாலர் வென்றபோது, ஊரே அதைக் கைப்பேசியில் பார்த்தது. லிஸ்ட் எட்டு ஆண்டு அலைந்து சேர்த்த கூட்டத்தை ஒரு காணொளி ஒரே இரவில் சேர்த்துவிடுகிறது. மதுரையில் கீபோர்டு வகுப்புகள் பல வந்துவிட்டன. பிள்ளைகள் கிரேடு தேர்வு எழுதுகிறார்கள். சாதி, காசு, ஊர் என்று எத்தனையோ வேலிகளைத் தாண்டித்தான் ஒரு காலத்தில் இந்த இசையைத் தொட வேண்டியிருந்தது. இன்று அந்த வேலிகள் தாழ்ந்திருக்கின்றன. இது முழு மனத்தோடு வரவேற்க வேண்டிய மாற்றம்.

கூடவே ஒன்று நம் கையைவிட்டு நழுவிக்கொண்டிருக்கிறது. மார்கழி விடியலில் ஒலிபெருக்கி திருவெம்பாவை பாடிவிடுகிறது. வீட்டில் யாரும் வாய் திறக்க வேண்டியதில்லை. பொடி இடிக்க மில் இருக்கிறது. நாற்று நட இயந்திரம் வருகிறது. வேலையோடு இருந்த பாட்டு, வேலை போனதும் போய்விட்டது. ஸ்பெஷல் நாடகம் இன்னும் மதுரையில் உயிரோடு இருக்கிறது. பின்பாட்டுக்கு அடுத்த தலைமுறை வர வேண்டும் என்ற கவலையும் இருக்கிறது. கீபோர்டு வகுப்புக்குப் போகும் பிள்ளை பெத்தோவனின் நான்கு வரி வாசிக்கிறது. சினிமாப் பாட்டு இரண்டு வாசிக்கிறது. வாதவூரர் பாட்டு ஒன்று வாசி என்றால் விழிக்கிறது. பிள்ளையின் மேல் தப்பில்லை. யாரும் அதற்குச் சொல்லித்தரவில்லை.

லிஸ்ட் காலத்தில் இசை வேண்டுமென்றால் ஓர் ஆள் வேண்டும். அந்தத் தேவையே வீட்டுக்கு வீடு வாசிக்கவும் பாடவும் ஆட்களை உருவாக்கியது. இன்று அந்தத் தேவை இல்லை. ஆகவே நாமே மனம் வைத்துத்தான் அந்த ஆளை உருவாக்க வேண்டும். கேட்பவர் கோடிக்கணக்கில் பெருகி, பாடுபவர் ஊருக்கு ஒருவராகக் குறைந்தால், அந்த இசை வளர்ந்ததாக நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இதற்குப் பெரிய திட்டம் ஒன்றும் தேவையில்லை. இசையமைப்பாளர் ஷோப்பன் 1833-இல் தன் முதல் பியானோப் பயிற்சித் தொகுப்பை லிஸ்டுக்குக் காணிக்கையாக்கி வெளியிட்டார். அதில் ஐந்தாவதில் வலக்கை ஏறக்குறைய முழுவதும் கறுப்புக் கட்டைகளிலேயே ஓடும். உலகின் பெரிய பியானோக் கலைஞர்கள் எல்லாரும் பழகிய பாடம் அது. அந்த ஐந்து கறுப்புக் கட்டைகளில்தான் நம் மோகனமும் இருக்கிறது. உங்கள் வீட்டுக் கீபோர்டில் மூன்று கறுப்புக் கட்டைகள் சேர்ந்து நிற்கும் இடத்தைப் பாருங்கள். முதல் கட்டையை ஸட்ஜமாகப் பிடியுங்கள். அது நாலரைக் கட்டைச் சுருதி. அங்கிருந்து வெள்ளையைத் தொடாமல் ஐந்து கறுப்புக் கட்டைகளையும் வரிசையாக வாசித்தால் ஸ ரி க ப த. ஓதுவார் திருவாசகத்தைப் பாடும் ராகம் உங்கள் பிள்ளையின் விரலுக்கு வந்துவிட்டது.

கமகம் அதில் முழுதாக வராது. அதை உங்கள் குரல் கொடுக்கும். எனவே வரும் மார்கழிக்குள் உங்கள் பிள்ளைக்கு ஒரே ஒரு திருவெம்பாவைப் பாட்டைக் கற்றுக்கொடுங்கள். உங்களுக்குத் தெரியாவிட்டால் கோயில் ஓதுவாரிடம் கேளுங்கள், மகிழ்ச்சியோடு சொல்லித்தருவார். பிள்ளை வாசிக்கட்டும், நீங்கள் பாடுங்கள். அந்த ஒரு காலை மட்டும் ஒலிபெருக்கியை நிறுத்தி வையுங்கள்.